நிறுத்திய மோட்டர் ஏன் நடுங்கியது?

7.8 என்று எழுதி, அதன் கீழே சிவப்புப் பேனையால் இரண்டு கோடு இழுத்தவன் நான்தான். 2019 மாசி மாதம், வன்னியில் ஒரு குளத்தங்கரையில் இருக்கும் பம்பி நிலையத்தில். எந்தக் குளம், எந்த அலுவலகம் என்று சொல்லப்போவதில்லை. சொன்னால் இரண்டு பேருக்கு மனம் நோகும். அவர்களில் ஒருவர் இன்னும் என் விடுமுறைக் கடிதத்தில் ஒப்பமிடுகிறவர். அந்தச் சிவப்புக் கோடுகள்கூடப் பரவாயில்லை. அதே நாளில், அதே பக்கத்தில் 2.6 என்று எழுதி, அருகில் நீலப் பேனையால் ஒரு சரி அடையாளம் போட்டேன். அதுதான் இன்றைக்கும் இடையிடையே நித்திரையில் வந்து நிற்கிறது.

இரண்டு பம்பிகள். இரண்டும் நிமிர்ந்து நிற்பவை. 75 கிலோவாற்று மோட்டர் மேலே, நிமிடத்துக்கு 1480 சுற்று. மோட்டருக்குக் கீழே தண்ணீர் வெளியேறும் தலைப்பகுதி. அதற்குக் கீழே குழாயும் குழாய்க்குள் தண்டுமாகக் கிணற்றுக்குள் இறங்கி, கடைசியில் தண்ணீருக்குள் சுழலி. கிடையாகக் கிடக்கும் பம்பியில் எல்லாப் பேரிங்கும் கண்ணுக்கு முன்னால் இருக்கும், கை வைக்கலாம். நிமிர்ந்து நிற்பதில் பாதி உடம்பு தண்ணீருக்குள். கைக்கு எட்டுவது மோட்டர் மட்டும்தான். அதன் உச்சியைத் தொட நான் ஒரு பெட்டியில் ஏற வேண்டும்.

2018 நடுப்பகுதியில் பூட்டிய பம்பிகள் அவை. உத்தரவாதக் காலம் முடிய நான்கைந்து மாதம் இருந்தது. நடுவில் அந்த டிசம்பர் வெள்ளம் வந்து போயிருந்தது. இரணைமடு வான்கதவுகளைத் திறந்து, கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் ஊர்கள் தண்ணீருக்குள் நின்ற அதே வெள்ளம். எங்கள் குளமும் அந்த வருடம் நிரம்பி, கலங்கி, பிறகு மெல்லத் தெளிந்தது. உத்தரவாதம் முடியுமுன் அதிர்வை அளந்து அறிக்கை தரும்படி மேலிடத்திலிருந்து கடிதம். கையில் ஓர் அதிர்வுமானி தந்தார்கள், சோப்புக்கட்டி அளவு. அதன் முதுகில் பச்சை, மஞ்சள், சிவப்பில் ஓர் அட்டவணை ஒட்டியிருந்தது. அந்த நிறங்களை நம்பித்தான் நான் பெட்டியில் ஏறினேன்.

ஓர் இலக்கம், மூன்று தீர்ப்பு

முதலாம் இலக்கப் பம்பி, மோட்டரின் உச்சி, வெளியேறும் குழாய்க்குக் குறுக்கான திசை: செக்கனுக்கு 7.8 மில்லிமீற்றர், இடைவர்க்கமூலப் பெறுமானம், அதாவது ஆடும் வேகத்தின் ஒரு வகைச் சராசரி. முதுகு அட்டவணையைப் பார்த்தேன். 15 முதல் 75 கிலோவாற்று வரையான இயந்திரங்களுக்கு 7.1க்கு மேல் சிவப்பு. முடிந்தது கதை என்று எழுதினேன்.

முடியவில்லை. அந்த அட்டவணை 1974 இல் வந்த ஐஎஸ்ஓ 2372 என்ற தரத்தின் இலக்கங்கள் என்றும், அந்தத் தரத்தை எப்போதோ விலக்கிவிட்டார்கள் என்றும், அது எல்லா இயந்திரத்துக்கும் பொதுவாகச் சொன்னது என்றும் ஒப்பந்தகாரரின் பொறியியலாளர் சொன்னார். இளம் பிள்ளை, ஆனால் படித்துவிட்டு வந்திருந்தார். பம்பிகளுக்கென்றே 2009 இல் ஐஎஸ்ஓ 10816 இன் 7ஆம் பகுதி வந்தது. அதில் 200 கிலோவாற்றுக்கு உட்பட்ட சாதாரண வகைப் பம்பிக்கு 3.2 வரை புதிய இயந்திரத்தின் நிலை, 5.1 வரை நெடுநாள் ஓட்டலாம், 8.5 வரை கொஞ்சக் காலம் ஓட்டிக்கொண்டே திருத்த நாள் பார்க்கலாம், அதற்கு மேல் நிறுத்து. ஆகவே 7.8 சிவப்பு இல்லை, மஞ்சள். ஆலோசகர் விடவில்லை. குடிதண்ணீர்ப் பம்பி சாதாரண வகையா, நம்பகம் கூடுதலாக வேண்டிய முதலாம் வகையா? முதலாம் வகை என்றால் எல்லை 6.6, மறுபடி சிவப்பு. நான் நடுவில் நின்று இரண்டு பேருக்கும் தேத்தண்ணீர் ஊற்றினேன்.

இவ்வளவு வாதத்துக்கும் பிறகுதான் ஒப்பந்தகாரரின் பிள்ளை தன் சொந்த அளவைக் காட்டினார்: 1.9. அவர் அளந்தது தலைப்பகுதியின் அடியில், நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில். அங்கே பேரிங் எதுவும் கிடையாது. இப்படி அளந்து நல்ல பெயர் வாங்குவதென்றால் பக்கத்து வீட்டுச் சுவரிலும் அளக்கலாம். ஆனால் நான் உச்சியில் அளந்ததும் அவ்வளவு நியாயமானதல்ல என்பது எனக்கு அப்போது தெரியாது. அமெரிக்காவின் ஹைட்ராலிக் இன்ஸ்டிடியூட் தன்னுடைய தரத்தில், இந்த வகைப் பம்பிக்கு மோட்டரைத் தாங்கும் பீடத்தின் மேற்பகுதியில் அளக்கச் சொல்கிறது. அந்த இடத்தில் பின்னர் நான் அளந்தபோது 3.0. ஒரே பம்பி, மூன்று இடம். அடியில் 1.9, நடுவில் 3.0, உச்சியில் 7.8. குழாயோடு ஒத்த திசையில் உச்சியிலேயே 2.9 தான். குறுக்கே மட்டும்தான் அந்தப் பூதம்.

பனையை நினைத்துப் பாருங்கள். சோளகக் காற்று வீசும்போது அடிமரத்தில் கை வைத்தால் ஒன்றும் தெரியாது. உச்சியில் இருப்பவருக்குத்தான் தெரியும். மரமேறுகிறவரைக் கேட்டால் சொல்வார். அவர் அதைப் பனையின் நோய் என்று சொல்லமாட்டார். எந்த உயரத்தில் இருந்து சொல்கிறோம் என்பதைச் சொல்லாமல் ஆட்டத்தின் அளவை மட்டும் சொல்வது பாதிப் பேச்சு. என் அறிக்கையில் 7.8 இருந்தது, அளந்த இடமும் திசையும் இல்லை. அறிக்கைப் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை, அதனால் எழுதவில்லை. இதை ஒரு சாக்காகத்தான் சொல்கிறேன், வேறொன்றுமில்லை.

7.8 என்பது பெரிய இலக்கமாகக் காதில் விழும். உண்மையில் அந்த மோட்டரின் உச்சி எவ்வளவு தூரம் அங்கும் இங்கும் போகிறது என்று ஒரு தாளில் கணக்குப் போட்டேன். நிமிடத்துக்கு 1480 என்றால் செக்கனுக்கு 24.7 தடவை. அந்த மீடிறனில் (அதிர்வெண்ணில்) 7.8 என்பது ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம்வரை 0.14 மில்லிமீற்றர். ஒரு மில்லிமீற்றரை ஏழாகப் பிரித்தால் அதில் ஒன்று. பாடப்புத்தகத்தில் இதற்குப் பெயர் இடப்பெயர்ச்சி. இந்தச் சொல்லைக் கிளிநொச்சியில் சொன்னால் எவருக்கும் மில்லிமீற்றர் ஞாபகம் வராது.

செருப்பைக் கழற்றுகிறவர்

நிலையத்தில் இயக்குநராக ஒரு முதியவர் இருந்தார். எல்லோருக்கும் அவர் பிற்றர் ஐயா, அதாவது இயந்திரம் பூட்டித் திருத்துகிற ஐயா. பெயரைக் கேட்டால் சம்பளப் பட்டியலைப் பார்த்துத்தான் சொல்லவேண்டும். இளமையில் பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையில் வேலை பழகியவர். அது நின்று போனபின் வயல் மெசின், லொறி, ஐஸ் பட்டறை என்று கையில் கிடைத்த எல்லாவற்றையும் திருத்தியவர். பொருளாதாரத் தடைக் காலத்தில் கார்புரேட்டருக்குள் நாலு துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தை உதைத்துவிட்டு, மண்ணெண்ணெயில் ஓட வைத்த தலைமுறை. அந்தக் கைகளுக்கு உதிரிப்பாகம் வாங்கும் வசதி ஒருநாளும் இருந்ததில்லை. இருந்ததை இன்னும் எத்தனை நாள் ஓட்டலாம் என்று கேட்டுத் தெரிந்துகொள்வதுதான் தொழில்.

அவர் பம்பி நிலையத்துக்குள் நுழையும்போது செருப்பைக் கழற்றி வாசலில் வைப்பார். மூலையில் ஒரு பிள்ளையார் படம் இருந்தது, அதற்காகத்தான் என்று நான் இரண்டு வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் கேட்டேன். "பிள்ளையாருக்கு வெளியிலேயே கும்பிட்டுவிடுவேன், தம்பி. இது நிலத்துக்கு" என்றார். வெறுங்காலை கொங்கிறீற்றில் வைத்து, கண்ணை மூடாமல், வேறெங்கோ பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் நிற்பார். பிறகு நீளமான திருப்புளியின் நுனியை மோட்டரில் வைத்துப் பிடியைக் காதெலும்பில் அழுத்துவார். கடைசியில் சட்டைப்பையிலிருந்து ஒரு தடித்த ஐந்து ரூபாய்க் குற்றியை எடுத்து, மோட்டர் தாங்கும் பீடத்தின் விளிம்பில் செங்குத்தாக நிறுத்திப் பார்ப்பார். இரண்டாம் இலக்கத்தில் குற்றி நின்றது. முதலாம் இலக்கத்தில் அதுவும் நின்றது. ஆனால் மெல்ல மெல்ல ஒரு பக்கமாக ஊர்ந்து, விளிம்புக்கு வந்து விழுந்தது. "பார்த்தீர்களா, ஒரே பக்கமாகத்தான் போகிறது" என்றார். நான் பார்த்தேன். கருவி வைத்திருந்தவனுக்குக் குற்றி எதற்கு என்ற நினைப்பில், பார்த்ததோடு விட்டேன்.

அவர் இன்னொன்றும் சொன்னார். இரண்டாம் இலக்கத்தைக் காட்டி, "இதன் குரல் மழைக்கு முன் இருந்த குரல் இல்லை" என்றார். என் கருவி 2.6 என்றது. பச்சையிலும் நல்ல பச்சை. அறிக்கையில் குரலுக்கும் கட்டம் இல்லை.

மோட்டர் ஊர் பார்த்து வந்தது

அறிக்கை போனது. ஒப்பந்தகாரர் தரப்பு முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டது: முதலாம் இலக்க மோட்டரின் சுழலும் பகுதி சமநிலையில் இல்லை, கழற்றிக்கொண்டு போய்ச் சமப்படுத்துவது. ஏன் சமநிலைக் குறைபாடு? 24.7 என்ற மீடிறனிலேயே முழு அதிர்வும் இருந்தது, அதாவது சுற்றுக்கு ஒரு தடவை. சுற்றுக்கு ஒரு தடவை என்றால் பாரச் சமநிலைக் குறைபாடு என்று எல்லாப் புத்தகத்திலும் முதல் வரியில் போட்டிருக்கும். எங்களில் எவரும் இரண்டாம் வரிக்குப் போகவில்லை. லொறியில் ஏற்றித் தெற்கே ஒரு பட்டறைக்கு அனுப்பினோம். மூன்று வாரம். அந்த மூன்று வாரமும் இரண்டாம் இலக்கம் இரவு பகலாகத் தனியே ஓடியது. இதை அப்போது யாரும் ஒரு விடயமாக நினைக்கவில்லை.

சித்திரை வருடப்பிறப்பு முடிந்து மோட்டர் வந்தது. பட்டறைக் கடதாசியில் மிக அழகான இலக்கங்கள். பூட்டினோம், ஓட்டினோம், பெட்டியில் ஏறினேன். 7.4.

பிற்றர் ஐயா வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் நல்லாயிருக்கும்.

வைகாசியில் ஒரு மத்தியானம்

முதலாம் இலக்கத்தை நிறுத்தி வைத்துவிட்டு இரண்டாவதை ஓட்டிக்கொண்டிருந்தோம். கிளிநொச்சி அறிவியல் நகரில் பொறியியல் முடித்துவிட்டுப் பயிலுநராக வந்திருந்த ஒரு பிள்ளை என்னோடு நின்றார். சும்மா கதைத்துக்கொண்டிருந்தபோது அந்தப் பிள்ளை பெட்டியில் ஏறி, முதலாம் இலக்க மோட்டரின் உச்சியில் கையை ஊன்றிச் சாய்ந்தார். உடனே கையை எடுத்தார். மறுபடி வைத்தார்.

"சேர், இது நிற்கிறதுதானே?"

"நிற்கிறது."

"அப்போது ஏன் நடுங்குகிறது?"

நான் ஏறிக் கை வைத்தேன். அந்த உணர்வை எழுதத் தெரியவில்லை. சாய்ந்து படுத்திருக்கும் மாட்டின் வயிற்றில் கை வைத்தால் உள்ளே ஒன்று ஓடிக்கொண்டிருப்பது தெரியுமே, அப்படி. ஆழி (சுவிற்ச்) அணைந்திருக்கிறது, விசிறி அசையவில்லை, இரும்பு வெயிலுக்குச் சூடாக இருக்கிறது, ஆனால் நடுக்கம் இருக்கிறது. கருவியை வைத்தேன். ஓடாத மோட்டரின் உச்சியில், குழாய்க்குக் குறுக்கான திசையில், 2.2. பக்கத்தில் நாலு மீற்றர் தள்ளி ஓடிக்கொண்டிருக்கும் மோட்டரின் உச்சியில் 2.6. அதாவது ஓடுகிறவனுக்கும் ஓடாதவனுக்கும் ஏறக்குறைய ஒரே காய்ச்சல். கொங்கிறீற்று வழியாகப் போகும் ஒரு சிறு அசைவை அந்த நின்ற மோட்டர் பிடித்து, தன்னுடைய அசைவாகப் பெருக்கிக்கொண்டிருந்தது.

சுழலாத ஒன்றில் சமநிலைக் குறைபாடு எப்படி வரும்? சுழலும் பகுதியில் நோயே இல்லை. நிற்கிற நிலையில்தான் ஏதோ இருக்கிறது. மூன்று வாரமும் லொறிக் கூலியும் ஒரு நொடியில் கண்ணுக்கு முன்னால் போய் வந்தன.

எங்கள் பௌதிகவியல் புத்தகத்தில் இதற்குப் பரிவு என்று பெயர். தமிழ்நாட்டில் ஒத்ததிர்வு என்கிறார்கள். அது பிழையில்லாத சொல். விளக்கமே பெயராக இருக்கிறது. ஆனாலும் எனக்குப் பரிவுதான் பிடிக்கும். ஒன்று துடிக்கும்போது இன்னொன்று தன்பாட்டில் சேர்ந்து துடிப்பதற்கு அந்தச் சொல்லை எடுத்துக் கொடுத்தவர் யாரோ, நல்லாக யோசித்திருக்கிறார். உயர்தரத்தில் அந்தப் பாடத்தில் கேள்விக்கு விடை எழுதிப் புள்ளி வாங்கியவன் நான். இருபது வருடம் கழித்து உள்ளங்கையில் வந்து தொட்டபோதுதான் அது என்னவென்று விளங்கியது.

பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. இரண்டு பம்பிகளையும் நிறுத்திவிட்டு, மோட்டரின் உச்சியில் ஓர் உணரியை ஒட்டி, இரப்பர்த் தலைச் சுத்தியலால் தட்டினோம். அந்தப் பிள்ளை மடிக்கணினியைத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டிருந்தார். தட்டிய மணி எந்தச் சுருதியில் ஒலிக்கிறதோ அது அதன் சொந்தச் சுருதி. இரும்புக் கோபுரத்துக்கும் அதேதான். நிமிர்ந்த மோட்டர்களின் இந்தச் சொந்த மீடிறனை ரீட் மீடிறன் என்கிறார்கள், ஆர்மோனியத்துக்குள் துடிக்கும் ரீட்டைப்போல. குறுக்குத் திசையில் எங்களுக்கு வந்தது 25.5. ஓடும் மீடிறன் 24.7. இரண்டுக்கும் நடுவில் ஐந்தில் ஒரு பங்காவது இடைவெளி வேண்டும் என்பார்கள். எங்களுக்கு நூற்றுக்கு நான்குகூட இல்லை. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் ஒரு விரலால் தள்ளிக்கொண்டிருந்தால் போதும், எந்தப் பாரமான ஆளும் ஆடுவார். சமப்படுத்திய மோட்டரில் மிச்சமிருந்த அந்தச் சிறு குறையே அந்த விரல். இரண்டாம் இலக்கத்தையும் தட்டினோம்: 31. அதே செய்கை, அதே வார்ப்பு. ஏன் ஒன்று தாழ்ந்தது?

பதில் பிற்றர் ஐயாவின் காலுக்கு முன்பே தெரிந்திருந்தது. அவர் நட்டு இறுக்கும் ஒரு சாவியின் பின்புறத்தால் முதலாம் இலக்கத்தின் அடித்தகட்டைச் சுற்றிச் சுற்றித் தட்டினார். டங், டங், டங். வடக்கு மூலையில் மட்டும் டொக். தகட்டுக்கும் கொங்கிறீற்றுக்கும் நடுவில் ஊற்றிய சாந்து அந்தப் பக்கத்தில் உள்ளே போய்ச் சேரவேயில்லை. மேலே பூசி மெழுகிய விளிம்பைப் பார்த்தால் எவருக்கும் தெரியாது. போல்ட்டுகள் இறுக்கமாகத்தான் இருந்தன. இறுக்கிப் பிடிக்கக் கீழே ஒன்றும் இருக்கவில்லை. தலைப்பகுதியின் இரு பக்கத்திலும் தண்டுகளை இணைக்கும் கப்ளிங்கைப் பூட்டுவதற்காக வெட்டிய சன்னல்கள் வேறு; குறுக்குத் திசையில் ஏற்கெனவே அது மெலிவுதான். வெளியேறும் குழாய் ஒரு திசையைத் தாங்கிப் பிடித்தது, மறு திசையைப் பிடிக்க ஆளில்லை. குற்றி ஒரே பக்கமாக ஊர்ந்ததற்கு அதுதான் காரணம்.

ஆனியில் தகட்டில் துளையிட்டு எப்பொக்சிச் சாந்தை அழுத்தி நிரப்பினார்கள். காய்ந்தபின் தட்டினால் 30.8. ஓட்டினால் உச்சியில் 2.4. அந்தச் செலவு மோட்டரை லொறியில் ஏற்றி இறக்கிய கூலிக்கும் வராது. நான் அன்று பின்னேரம் சந்தோசமாக வீட்டுக்குப் போனேன். இரண்டு பம்பியும் பச்சை.

நல்ல பிள்ளை

இங்கே நிறுத்தினால் நல்ல கதைதான். இதைச் சில கூட்டங்களில் இந்த இடத்தோடு நிறுத்தி நான் சொல்லியும் இருக்கிறேன், கைதட்டினார்கள்.

இரண்டாம் இலக்கத்தின் அளவுகளை வரிசையாகத் தருகிறேன். மாசி 2.6, பங்குனி 2.6, சித்திரை 2.8, வைகாசி 2.6, ஆனி 2.7, ஆடி 2.7, ஆவணி 2.7. ஏழு மாதமும் ஏழு சரி அடையாளம். புரட்டாதியில், குளம் அடியை ஒட்டி, ஊரே தண்ணீர்ப் பவுசருக்குப் பின்னால் வாளியோடு நின்ற நாட்களில், ஒரு விடியப்புறம் அது நின்றது. மின்னோட்டம் ஏறிப் பாதுகாப்புக் கருவி அறுத்துவிட்டது. மறுபடி ஓட்டினால் மோட்டர் மட்டும் சுழல்கிறது, தண்ணீர் வரவில்லை.

முக்காலி நட்டு, செயின் புளொக் பூட்டி, குழாயை மூன்று மூன்று மீற்றராகக் கழற்றி மேலே எடுத்தோம். தண்டு நடுவில் அறுந்திருந்தது. குழாய்க்குள் தண்டைப் பிடித்திருக்கும் இரப்பர்ப் பேரிங்குகள் இருக்கின்றனவே, அவற்றுக்கு எண்ணெய் கிடையாது. போகிற தண்ணீர்தான் எண்ணெய். அந்தத் தண்ணீரில் வெள்ள மண் போனால் அதுவே அரம். கீழே இருந்த இரண்டு பேரிங்கில் நீர் ஓடும் பள்ளங்கள் தேய்ந்து மறைந்து, உட்புறம் கண்ணாடி மாதிரி வழுவழுத்திருந்தது. அதே இடத்தில் தண்டின் உறையை விரலால் தடவினேன். கையெழுத்துப் போடும் பேனை பிடிக்கிற அளவுக்கு ஒரு பள்ளம். சுற்றிலும் அல்ல, ஒரு பக்கம் ஆழமாக, மறு பக்கம் மெல்லிசாக. மாதக்கணக்கில் அங்கே கீழே அது எப்படி ஆடியிருக்க வேண்டும்! மேலே உச்சியில் கருவியோடு பெட்டியில் நின்றவனுக்கு 2.7.

கீழே நடப்பது மேலே தெரியாமல் போவதற்குக் காரணம் இருக்கிறது. தண்ணீர் நீண்ட குழாயின் ஆட்டத்தை விழுங்கிவிடும். நடுவில் எத்தனையோ பேரிங்குகள். மோட்டருக்கு அதன் சொந்தப் பாரம். தண்ணீருக்குள்ளேயே உணரி வைப்பவர்களும் உண்டு, எங்கள் நிலையத்தில் அதற்குப் பணம் எங்கே. ஆகவே இந்த வகைப் பம்பியில் உச்சி அளவு இரண்டு விதமாகவும் ஏமாற்றும். நல்ல இயந்திரத்தைக் கெட்டது என்று காட்டும், எங்களுடைய முதலாம் இலக்கம்போல. சாகப்போகிறதை நல்லது என்றும் காட்டும். முதல் ஏமாற்றுக்குப் பணம்தான் போகும். அதனால்தான் தரங்களைப் பற்றிச் சண்டை போடுகிறவர்களிடம் எனக்கு இப்போது பொறுமை குறைவு. 7.1 ஆ, 8.5 ஆ என்று மூன்று மணித்தியாலம் கதைத்த அன்று, நாங்கள் மூன்று பேரும் ஒரு சரி அடையாளத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

பிற்றர் ஐயாவிடம் போய் நின்றேன். குரல் மாறியது என்று சொன்னீர்களே, எதை வைத்துச் சொன்னீர்கள் என்று கேட்டேன். காது, கால் என்று ஏதாவது சொல்வார், அதை எழுத முடியாது என்று சொல்லி நான் தப்பிக்கலாம் என்றுதான் எதிர்பார்த்தேன். அவர் கையைப் பிடித்துக்கொண்டுபோய், அப்போது ஓடிக்கொண்டிருந்த முதலாம் இலக்கத்தின் முன் நிறுத்தினார். "நிறுத்துங்கள், எண்ணுங்கள்" என்றார்.

இந்த மோட்டர்களின் தலைக்குள், தண்ணீர் திரும்பிப் பாய்ந்து தண்டைப் பின்பக்கமாகச் சுழற்றாமல் தடுப்பதற்குச் சில ஊசிகள் இருக்கின்றன. ஓடும்போது அவை மேலே எழுந்து நிற்கும். நிறுத்தியபின் வேகம் குறைந்து ஓர் அளவுக்கு வந்தால் விழத் தொடங்கும்: டிக், டிக், டிக்டிக். ஆழியை அணைத்த கணத்திலிருந்து முதல் டிக் வரை அவர் எண்ணிக்கொண்டு வந்திருக்கிறார், பம்பி பூட்டிய நாளிலிருந்து, ஒவ்வொரு நாளும். இரண்டாம் இலக்கத்துக்கு ஆரம்பத்தில் பதினொன்று. வெள்ளத்துக்குப் பிறகு பத்து, ஒன்பது. ஆவணியில் ஏழு. கீழே தண்டை ஏதோ பிடித்து இழுக்கிறது, அதனால் சீக்கிரம் களைக்கிறது. ஒரு செலவும் இல்லாத அளவு. எந்தத் தரத்திலும் எல்லை கிடையாது. அந்தப் பம்பியின் நேற்றுத்தான் அதற்கு எல்லை.

"ஏன் எனக்குச் சொல்லவில்லை, ஐயா?"

"குரல் என்று சொன்னேனே, தம்பி. நீங்கள் மிசினைப் பார்த்தீர்கள்."

எந்த மிசினை என்று அவர் சொல்லவில்லை. என் கையில் அதிர்வுமானி இருந்தது.

ஓரத்தில் பென்சிலால்

அவர் 2021 இல் ஓய்வு பெற்றுவிட்டார். இப்போது நிலையத்துக் குறிப்பேட்டில் ஒவ்வொரு அளவுக்கும் பக்கத்தில் இடமும் திசையும் எழுதுகிறோம். மோட்டர் பீடத்திலும் உச்சியிலும் வெள்ளைப் பூச்சால் புள்ளி வைத்திருக்கிறது; புள்ளியை விட்டு விலகி அளப்பவருக்கு ஏச்சு விழும். குளத்து நீர்மட்டம், அழுத்தம், மின்னோட்டம் மூன்றும் அதே வரியில். மாதத்துக்கு ஒருமுறை நின்ற பம்பியிலும் கருவியை வைத்துப் பார்ப்போம். படிவம் இன்னும் பழைய படிவம்தான், ஆகவே ஊசி விழும் எண்ணிக்கையை ஓரத்தில் பென்சிலால் எழுதுகிறேன். கணக்காய்வுக்கு வந்தவர் அது என்ன இலக்கம் என்று கேட்டார். சொன்னேன். அவர் அதை எழுதிக்கொள்ளவில்லை.

அந்தப் பயிலுநர்ப் பிள்ளை இப்போது பொறியியலாளராக எங்களுக்கே வந்திருக்கிறார். நிலையத்துக்குள் பாதுகாப்புச் சப்பாத்து இல்லாமல் நுழையக்கூடாது என்று வாசலில் அறிவித்தல் போட்டவரும் அவர்தான். சரியான சட்டம், மீற முடியாது. அதனால் நிலத்தில் கால் வைப்பதற்குப் பதிலாக இருவரும் குந்தி உள்ளங்கையை வைக்கிறோம். பார்க்கிறவர்களுக்குக் கும்பிடுவது மாதிரித்தான் இருக்கும். போன கிழமை முதலாம் இலக்கத்தை நிறுத்தி எண்ணினோம். நான் பத்து என்றேன். அவர் ஒன்பது என்றார். நான் வேகமாக எண்ணுகிறேனாம். கைபேசிக் கடிகாரத்தில் பார்ப்போம் என்றார். பார்த்தால் பழைய எண்ணிக்கைகளோடு ஒப்பிட முடியாது, அவையெல்லாம் ஐயாவின் எண்ணிக்கை என்றேன். மறுபடி ஓட்டி, மறுபடி நிறுத்தி, இரண்டு பேரும் வாயைத் திறக்காமல் விரலை மடக்கிக்கொண்டு நின்றோம்.